ந்த, த்த

ஹெர்னெயில், கால்வாய்க்குப் பின்னால்,
பழைய சுரங்கக் கொட்டகையில் எங்கள் இயந்திரம்.
வாசல் பலகையில் ஒரேயொரு வினைச்சொல்:
ஃபெர்நிஷ்டன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று ஷிமான்ஸ்கி
அதை வெங்காயம் மாதிரி உரித்துக் காட்டினாள்.
நடுவில் நிஷ்ட். இல்லை. அவ்வளவுதான்.
இல்லை என்பதையே வினையாக்கி
கடதாசிக்கும் கறையானுக்கும் களைக்கும்
ஒரே மாதிரிப் பூட்டுவோம்.
மனிதருக்கும் பூட்டினோம் ஒரு காலம், என்றாள்.
பிறகு கோப்பி ஊற்றப் போனாள்.

எங்கட சொல் அப்படி உரிபடாது.
அழி.
பள்ளிக்கூடத்தில் அது ரப்பருக்குள் இருந்தது,
ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம்,
பெருக்கல் பிழைத்தால் எச்சில் தொட்டு அழி.
சந்தைக்குப் போனால் செலவுக்குள் இருந்தது,
செலவழிக்காமல் வீடு வந்து சேர்.
ஐந்து வயதில் நான் செய்ததெல்லாம் அழிச்சாட்டியம்.
இத்தனை சின்னச் சொல்லை வைத்துக்கொண்டு
ஒரு நகரத்தை என்ன செய்ய?

அழிந்தது என்றால் காற்று மூக்கால் நழுவும்.
தானாக நடந்த மாதிரி, மாரி மாதிரி.
அழித்தது என்றால் மூச்சு பல்லில் மோதி நிற்கும்,
நின்றால் வாக்கியத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.
பேச்சில் ஞ்ச, ச்ச. விதி அதேதான்.
முதல் முதல் இங்கே மேசைக்கு எதிரே இருத்திக் கேட்டபோது
வீடு அழிஞ்சு போச்சுது என்றேன்.
மூக்கால்தான்.
ஊரில் இன்னும் தங்கச்சி இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
செத்துப்போன ஒரு மொழிபெயர்ப்பாளரின் அலுமாரிகள்,
மகள் அனுப்பியது, முத்திரை வைத்த பெட்டிகளில்.
வாசிக்கக் கூடாது. நான் வாசிப்பதில்லை.
இயந்திரத்துக்குத் தொண்டை அடைத்தது.
நிறுத்தி, கையை விட்டு இழுத்தேன்.
இடப்பக்கம் தமிழ்.

எங்கட வீட்டை அழிச்சவை.
கிணத்தையும் அழிச்சவை.

பேரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தது.
ச்சவை அழுத்தியதில் கடதாசி ஓட்டை.
வலப்பக்கம் ஜெர்மன், பேனையால், வடிவான கை:
வீடு சேதமடைந்தது.
கிணறு இல்லவே இல்லை.
வெளிச்சத்துக்குப் பிடித்தால்
அந்த மைக்கு அடியில் பென்சில் பள்ளம்,
ஃபெர்நிஷ்ட வரைக்கும் தெரிகிறது.
எழுதி, ரப்பரால் அழித்து,
தூசியை ஊதியும் விட்டிருப்பார்.
அதிகாரி நம்பமாட்டான் என்று நினைத்தாரோ,
ஒரு கிணற்றுக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கென்று நினைத்தாரோ,
நேரமாகிவிட்டதோ,
பக்கத்துக்கு எத்தனை மார்க் கொடுத்தார்களோ.

எங்கள் படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
எது. எத்தனை கிலோ.
எந்த நாள், எத்தனை மணி.
எந்த அளவுத் துகள்: முப்பது சதுர மில்லிமீட்டர்.
கடைசியில், யார்.
அது வெறுமையாக இருந்தால்
வாடிக்கையாளர் காசு கட்டத் தேவையில்லை.
பதினொரு வருடமாக அதில் பேர் எழுதுகிறேன்,
அன்றைக்குத்தான் அது ஒரு கேள்வி என்று கண்டேன்.
கிணற்றுக்கு எத்தனை கிலோ என்று போட்டிருப்பார்கள்?
தண்ணீரோடா, தண்ணீர் இல்லாமலா?

தாளை மடித்துச் சட்டைக்குள் வைக்க நினைத்தேன்.
மேலே கமரா.
அதோடு அது என் வீடுமல்ல.
வைக்கவில்லை.
கையாலேயே ஊட்டினேன்.
ஓட்டை விழுந்த இடம் போகும்போது
இயந்திரத்தின் சத்தம் மாறவில்லை.

நகுலேஸ்வரி குணசிங்கம்.
பதினாலு மணி நாற்பது.
கதவிலிருந்து ஷிமான்ஸ்கி கேட்டாள்: ஃபெர்டிஷ்?
அந்தச் சொல்லில் ஆளே கிடையாது.
முடிஞ்சுது என்று சொல்ல வாய் எடுத்து,
முடிச்சனான், என்றேன் தமிழில்.
அவள் தலையாட்டிவிட்டுப்
பெரிய விசையை இறக்கினாள்.